கோர்ட் கலையும் வரை

தம்பி, அந்தக் கட்டத்துல இப்பவே டிக் அடிச்சிராதீங்க. பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. என்ன கேட்டீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. என் மேல ஏதாவது குற்றத்துக்குத் தீர்ப்பு ஆகியிருக்கான்னா? இறங்குறதுக்கு முந்தி எழுதிக் குடுக்கச் சொன்ன இந்த அட்டையில ஆஸ்திரேலியாக்காரன் இதையுமா கேக்கான்? இவ்வளவு நேரம் கருப்பட்டி இருக்கா, விதை இருக்கா, செருப்புல மண் ஒட்டியிருக்கான்னு நல்ல மனுசனாத்தான் கேட்டுக்கிட்டு வந்தான். கடலைமிட்டாய்க்குக்கூட நாம உண்மையைச் சொன்னோம். அதுக்குப் பொறவு இப்படி ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கானே.

ஜெயிலுக்குப் போயிருக்கேன் தம்பி. மூணு தடவை.

அட, நீங்க ஏன் ஜன்னல் பக்கமா ஒதுங்குதீங்க? பெல்ட் போட்டிருக்கு, ரொம்ப ஒதுங்கவும் முடியாது. சிங்கப்பூர்ல ஏறுனதுல இருந்து என் பக்கத்துலதான இருக்கீங்க, நான் ஏதாவது பண்ணினேனா? ஒரே ஒரு தடவை கக்கூஸ் கதவைத் திறக்கத் தெரியாம உள்ள இருந்து தட்டினேன். அதுவும் ஒரு குத்தமா?

என் பேரைப் பாஸ்போர்ட்டைப் பாத்து எழுதுனீங்க. பரமார்த்தலிங்கம்னு எழுதக் கட்டம் பத்தலையேன்னு சிரிச்சீங்க. கோவில்பட்டிப் பக்கம் பனையூரணி. தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி வேலை, மிச்ச நேரம் கட்சி. என் பொஞ்சாதி இருந்தா மாத்திச் சொல்லியிருப்பா, கட்சி வேலை, மிச்ச நேரம் தீப்பெட்டின்னு. அவ போய் ரெண்டு வருசம் ஆச்சு. அதனால இப்ப நான் சொல்லுததுதான் கணக்கு.

எந்தக் கட்சின்னு மட்டும் கேக்காதீங்க. நீங்க எதிர்க்கட்சியா இருந்துட்டா இறங்குற வரைக்கும் ரெண்டு பேருக்கும் கஷ்டம்.

எங்க கட்சியில யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஒன்றியச் செயலாளர்னா 'ஒன்றியம்'. மாவட்டச் செயலாளர்னா 'மாவட்டம்'. "மாவட்டம் சாப்பிட்டாச்சா?" "ஒன்றியத்துக்கு வயிறு சரியில்ல." இப்படித்தான் பேச்சு. நான் கிளைச் செயலாளர். "ஏ கிளை, இங்க வா"ம்பாங்க. முப்பது வருசமா நான் கிளை. கிளையாவே காஞ்சு போனேன்.

ஜெயில் கதைக்கு வாரேன். மறியல்னா முதல் ஆளா ரோட்டுல உக்காந்துருவேன். போலீஸ்காரர் வருவாரு, "எந்திரிங்க அண்ணாச்சி, வேன் வந்துட்டு"ம்பாரு. கோசம் போட்டுக்கிட்டே ஏறுவோம். எங்க கொண்டு போவாங்கன்னு நினைக்கீங்க? கல்யாண மண்டபத்துக்கு. முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்துத்தான் மறியலுக்கே தேதி குறிப்போம். மத்தியானம் தக்காளி சாதம், ஒரு அப்பளம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேர் எழுதிக்கிட்டு, "வீட்டுக்குப் போங்க"ன்னுருவாங்க. மூணாவது தடவை போனப்ப முதல் நாள் கல்யாணத்துக்குக் கட்டுன வாழைமரம் வாசல்ல அப்படியே நிக்கி. மேடையில மாப்பிள்ளை பொண்ணு உக்காருற சோபா. அதுல உக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். அந்தப் போட்டோவைத்தான் போஸ்டர்ல போட்டோம். 'சிறை கண்ட சிங்கம்.' சோபாவைக் கத்தரிச்சுட்டோம்.

சிரிக்கீங்கள்லா? சிரிங்க. என் மக கல்யாணப் பத்திரிகையிலயும் அதைப் போட்டேன். 'சிறை கண்ட சிங்கம் பரமார்த்தலிங்கம் அவர்களின் புதல்வி செண்பகவல்லி.' பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கே அவ வெள்ளை மை குப்பியை எடுத்தா. நானூறு பத்திரிகையிலயும் அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சா. ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுட்டா. கல்யாணக் கூட்டத்துல எல்லாரும் பத்திரிகையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அடியில என்ன இருக்குன்னு படிக்காங்க. அழிக்காம விட்டிருந்தா ஒருத்தனும் படிச்சிருக்க மாட்டான்.

அந்தச் செண்பகா வீட்டுக்குத்தான் போறேன். நர்ஸா இருக்கா. மருமகன் ஏதோ குழாய் போடுற கம்பெனியில இன்ஜினியர். கல்யாணம் ஆகி வந்து எட்டு வருசம் ஆச்சு. எட்டு வருசத்துல எங்கிட்ட போன்ல அவ பேசுனதைச் சேத்து எழுதுனா இந்த அட்டையில அடங்கிரும். "சாப்பிட்டீங்களா?" "மாத்திரை போட்டீங்களா?" "அம்மாகிட்ட குடுங்க." அம்மா போனபெறகு அந்த மூணாவதும் போச்சு. போன மார்கழியில ஒருநாள் போன். "அப்பா, மூணு மாசம் இங்க வந்து இருங்க. நான் பேப்பர்லாம் பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான். நான் போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தேன். வச்சுட்டாளா இல்லையான்னுகூடத் தெரியல.

அதனாலதான் சொல்லுதேன், இந்தக் கட்டத்துல தப்பாக் குறி விழுந்துரக் கூடாது. அங்க தப்பாப் போட்டா அடுத்த பிளேன்லயே திருப்பி ஏத்திருவானாம்லா? அவ வெளிய நிப்பா. நான் உள்ள இருந்தே திரும்பிப் போனா, பொறவு அவ கூப்பிட மாட்டா. எனக்குத் தெரியும் அவளை.

என்ன சொல்லுதீங்க? மண்டபத்துல வச்சது தீர்ப்பு இல்லையா? கோர்ட்டுல தண்டனை குடுத்தாத்தான் கணக்கா? அப்ப என்னோட மூணு ஜெயிலும் ஜெயிலே இல்லையா? முப்பது வருசம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனே தம்பி. இந்த விசயம் எங்க ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது.

பொறுங்க, பொறுங்க. 'இல்லை'ன்னு போடாதீங்க. கோர்ட்டு ஒண்ணு இருக்கு.

இருக்குன்னா, இருக்கு. ஆனா அது என் கேஸ் இல்ல. கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பதினாறு வருசம் முந்தி. செண்பகா அப்ப ஒம்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விடுற நேரம். ஒன்றியத்து மகன் வெள்ளைச் சுமோவை எடுத்துக்கிட்டு வந்திருக்கான். காலேஜ்ல சேத்துவிட்டும் போகாத பய. பள்ளிக்கூட வாசல்ல வண்டியைத் திருப்புறேன்னு திருப்பி, நோட்டுக் கட்டோட வெளிய வந்த ரத்தினபாய் டீச்சர் மேல இடிச்சுட்டான். தமிழ் டீச்சர். வலது கால்ல ரெண்டு இடத்துல எலும்பு போயிட்டு. பய வண்டியை அங்கேயே போட்டுட்டு ஓடிட்டான். கூட்டத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. வண்டி யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். ஓட்டுனது யாருன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல.

அன்னைக்குச் சாயங்காலம் ஒன்றியம் என் வீட்டுக்கு வந்தாரு. என் வீட்டுக்கு! பதினாலு வருசமா அவரு பின்னால திரிஞ்சிருக்கேன், ஒருநாள் வாசல் மிதிச்சதில்ல. வெள்ளையும் சொள்ளையுமா வந்து எங்க பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாரு. நாற்காலிக்கு ஒரு கால் லேசா விரிசல், எனக்கு அந்தக் கவலை வேற. என் பொஞ்சாதி காப்பி போட்டா. முழுசாக் குடிச்சாரு. குடிச்சுட்டு, "லிங்கம்"னாரு. கிளைன்னு கூப்பிடல பாத்துக்கிடுங்க. லிங்கம். "இதை உன்னை விட்டா யார்கிட்ட சொல்ல முடியும்? பய வாழ்க்கை போயிரும். நீதான் ஓட்டினேன்னு நின்னுரு. அபராதத்தோட முடிச்சிரலாம். அடுத்த வருசம் வார்டு எலெக்சன் வருது. நான் மறக்கிற ஆள் இல்ல."

நான் என்ன சொல்லியிருக்கணும்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். அதுதான் உண்மை. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது தம்பி. சின்னதுல பழகினேன், விழுந்தேன், விட்டுட்டேன். எங்க ஊர்ல எங்க போனாலும் நடைதான், இல்லேன்னா யாராவது பின்னால ஏத்திக்கிட்டுப் போவாங்க. அப்பேர்ப்பட்ட நான், "சரிண்ணே"ன்னேன். யோசிக்கவே இல்ல. இன்னும் சொல்லப் போனா, சந்தோசமா இருந்துச்சு. பொஞ்சாதி அடுப்பாங்கரை வாசல்ல நின்னு என்னை ஒரு பார்வை பாத்தா. நான் அவளைப் பாக்காம நாற்காலிக் காலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மறுநாள் ஸ்டேசன்ல இன்ஸ்பெக்டர் எழுதுறாரு. "வண்டி என்ன வேகத்துல வந்துச்சு?" "வேகமா வந்துச்சு சார்." "எத்தனையாவது கியர்?" நான் முழிக்கேன். கூட வந்த வக்கீல் மேசைக்கடியில ரெண்டு விரலைக் காட்டுதாரு. "ரெண்டு கியர் சார்." "ரெண்டு கியரா, ரெண்டாவது கியரா?" "ரெண்டும்தான் சார்." இன்ஸ்பெக்டர் பேனாவை வச்சுட்டு வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தாரு. லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுக்கு ஒரு பிரிவு சேந்துச்சு. அது ஒண்ணுதான் அந்தத் தாள்லயே உண்மை. எங்கிட்ட லைசென்ஸ் கிடையாது.

கேஸ் கோர்ட்டுக்கு வர நாலு மாசம். நான் வெள்ளை வேட்டி கட்டி, கட்சித் துண்டு போட்டுக்கிட்டுப் போனேன். வக்கீல் துண்டைப் பிடுங்கிப் பைக்குள்ள வச்சாரு. மாஜிஸ்திரேட் ஒரு பொம்பளை. இளவயசு. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? யாரும் வற்புறுத்தவில்லையே?" ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டாவது தடவை கேக்கும்போது குரல் கொஞ்சம் இறங்குச்சு. நான் வேற சொல்லுவேன்னு எதிர்பாத்தாங்களோ என்னவோ. நான் சத்தமா, மேடையில சொல்லுத மாதிரி, "ஒப்புக்கொள்கிறேன் அம்மா"ன்னேன்.

அபராதம், அதுபோக 'கோர்ட் கலையும் வரை சிறை'. அப்படின்னா என்ன தெரியுமா தம்பி? அன்னைக்குக் கோர்ட்டு முடியுற வரைக்கும் அங்கேயே ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கணும். அதுதான் சிறை. நான் என் வாழ்க்கையில அனுபவிச்ச நிசமான ஜெயில் அது ஒண்ணுதான். பெஞ்சுல எனக்குப் பக்கத்துல கோழி திருடுன கேஸ் ஒருத்தன். ரெண்டு பேரும் ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சோம். மூணு மணிக்கு மேல கண்ணு சொக்கிருச்சு. கோர்ட்டு கலைஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. டவாலி வந்து எழுப்புறாரு, "யோவ், உன் தண்டனை முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு, எந்திரி." அரை மணி நேரம் அதிகமாவே அனுபவிச்சுட்டேன்.

டீச்சர் கோர்ட்டுக்கு வரல. ஆஸ்பத்திரியில ரெண்டாவது ஆப்ரேசன்.

வார்டு எலெக்சனா? ஒன்றியம் நல்லா அல்வா குடுத்தாரு. அவரு கொழுந்தியாளுக்கு சீட்டு. எனக்குப் பொதுக்கூட்டத்துல ஒரு சால்வை போர்த்தினாரு. சால்வைன்னா சால்வை இல்ல, துவட்டுற துண்டு. ரெண்டு துவைப்புல சாயம் போயிட்டு. நான் அப்பவும் விடல. டீக்கடையில, "ஒன்றியத்துக்காகக் கேஸ் வாங்குன ஆளு"ன்னு நானே சொல்லுவேன். எதிர்ல இருக்கவன் பெருமையாப் பாக்கான்னு நினைச்சேன். என்னத்தை நினைச்சு அப்படிப் பாத்தான்னு இப்பத்தான் தோணுது.

செண்பகா? கோர்ட்டு முடிஞ்சு வந்த அன்னைக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. தலையை நிமித்தாமலே கேட்டா. "நீங்க ஓட்டலதானே?" "இல்லம்மா. அப்பாவுக்கு எங்க ஓட்டத் தெரியும்?"னேன். சிரிச்சேன்னு நினைக்கேன். "ஓட்டியிருந்தாக்கூட பரவாயில்லப்பா"ன்னா. "தெரியாம இடிச்சுட்டாருன்னு நினைச்சுக்கிடுவேன்." அதுக்குப் பொறவு அவ எழுத ஆரம்பிச்சுட்டா. பதினாலு வயசுப் பிள்ளை. நான் அதட்டக்கூட இல்ல. அதட்டியிருந்தா பரவாயில்லையோ என்னவோ, ரெண்டு நாள் அழுதுட்டுப் பேசியிருப்பா.

டீச்சர் எங்க தெருதான். எங்க வீட்டுல இருந்து நாலாவது வீடு. ஏழெட்டு மாசம் படுக்கை, பொறவு கம்பு. அந்தக் கம்புச் சத்தம் கேட்டா நான் வீட்டுக்குள்ள போயிருவேன். டீ குடிக்கப் பக்கத்துலயே கடை இருக்கு, ஆனா டீச்சர் வீட்டைத் தாண்டணும். அதனால பின்வாசல் வழியா இறங்கி, ரெண்டு தெரு சுத்தி, பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போயிருவேன். பதினாறு வருசமா அங்கதான் டீ. நல்ல டீயும் கிடையாது.

சரி, இப்ப நீங்க சொல்லுங்க. ஓட்டல. ஆனா ஓட்டினேன்னு தீர்ப்பு. இவன் கேக்கானே, இதுக்கு நான் ஆமான்னு போடணுமா, இல்லைன்னு போடணுமா? ஒன்றியம் இப்ப மாவட்டம் ஆயிட்டாரு. கிளம்பும்போது போய்ப் பாத்தேன். "அங்க எதைக் கேட்டாலும் நோன்னு போடு, அவனுக்கு எப்படித் தெரியப் போகுது?"ன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. ஆனா நீங்க கேட்ட உடனே உங்க பேனாவைத் தடுத்துட்டேனே.

விசா எப்படிக் கிடைச்சுச்சுன்னா? அது மாவட்டத்தோட செல்வாக்கு. லெட்டர்பேடுல, கட்சிச் சின்னத்தோட, ரெண்டு சீல் குத்தி, 'இவர் நன்னடத்தை உள்ளவர்'னு எழுதி வாங்கினேன். மூணு நாள் அவரு வாசல்ல காத்துக் கிடந்து வாங்கினது. செண்பகாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அஞ்சே வாரத்துல விசா வந்துட்டு. எங்க ஊர் டீக்கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன், மாவட்டத்தோட எழுத்து ஆஸ்திரேலியா வரைக்கும் பேசுதுன்னு.

அந்த லெட்டர் இந்த பைல்ல இருக்கும், பாருங்க. பைல் செண்பகா கூரியர்ல அனுப்புனது. மேல என்ன எழுதியிருக்கான்னா, 'ஏர்போர்ட்டில் ஏதாவது கேட்டால் இதை அப்படியே கொடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.' ஒன்றும்கிறதுக்கு அடியில ரெண்டு கோடு. நான் திறந்தே பாக்கல. அம்புட்டும் இங்கிலீசாத்தான இருக்கும். நீங்க பாருங்க தம்பி, அதைக் காட்டினா விட்டுருவான்லா?

முதல் தாள் விசாவா? சரி. ரெண்டாவது? கோர்ட்டுத் தீர்ப்பா? அதை எங்க போய் வாங்கினா? ஊர்ல இருந்த எனக்கே அது எங்க இருக்குன்னு தெரியாது. இங்கிலீசுல மொழிபெயர்த்து சீல் குத்தியிருக்கா? அடுத்தது அவ எழுதுன கடுதாசியா? என்ன எழுதியிருக்கா? என் அப்பாவுக்கு ஒரு வழக்குல தண்டனை உண்டு, அதை மறைக்காம இத்தோடு வைக்கிறேன்னா? அப்ப விசா குடுத்தவனுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் குடுத்திருக்கான். சரிதான். இப்ப நான் மாவட்டம் சொன்னபடி இல்லைன்னு போட்டிருந்தா, அதுதான் பொய்யா மாட்டியிருக்கும். நல்லவேளை உங்க பக்கத்துல சீட்டு விழுந்துச்சு.

மாவட்டத்தோட லெட்டர் எங்க? கீழ பாருங்க. கட்சிக் கொடி நிறத்துல சின்னம் இருக்கும். இல்லையா? கடைசித் தாள் வரைக்கும் பாத்துட்டீங்களா? வைக்கவே இல்லையா அவ! மூணு நாள் நின்னேனே.

என்னது? ஒரு தாள் தமிழ்ல இருக்கா? குடுங்க இங்க. தமிழ்னா நானே படிப்பேன். கண்ணாடி எங்க போச்சு, சட்டைப் பையிலதான்... ஆங்.

'மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு. பனையூரணி, எஸ்தர் ரத்தினபாய் எழுதுவது.'

டீச்சர். இது டீச்சர் கையெழுத்து. செண்பகா நோட்டுல சிவப்பு மையில பாத்திருக்கேன்.

'நான் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் பள்ளி வாசலில் ஒரு வாகனம் மோதி என் வலது கால் முறிந்தது. அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவர் திரு. பரமார்த்தலிங்கம். வாகனத்தை ஓட்டியவர் அவர் அல்லர். ஓட்டியவனின் முகத்தை நான் பார்த்தேன். அவன் என்னிடம் படித்தவன். நான் அப்போது மருத்துவமனையில் இருந்தேன். ஓட்டியவர் யார் என்று என்னிடம் எவரும் வந்து கேட்கவில்லை.'

கேக்கல தம்பி. யாரும் கேக்கல. நானும் போய்ப் பாக்கல.

'திரு. பரமார்த்தலிங்கத்துக்கு மிதிவண்டியும் ஓட்டத் தெரியாது. இதை எங்கள் தெருவே சொல்லும்.'

பாருங்க, ஆஸ்திரேலியாக்காரனுக்கு இதை எழுதியிருக்காங்க. இதையும் இங்கிலீசுல மொழிபெயர்த்து சீல் குத்தியிருக்கா? நல்லது. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்கிறது இப்ப ரெண்டு நாட்டுக்கும் தெரியும்.

'என்னால் நடக்க இயலாதிருந்த எட்டு மாதங்களும் அவர் மகள் செண்பகவல்லி நாள்தோறும் விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவந்து என் வீட்டுக் குடங்களில் ஊற்றிவிட்டுப் போனாள். அப்பா அனுப்பினாரா என்று ஒருநாள் கேட்டேன். ஆமாம் டீச்சர், அப்பாதான் அனுப்பினார் என்றாள். அவள் சொல்வது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும்...'

இருங்க தம்பி. கண்ணாடியில ஏதோ... இந்தப் பிளேன்ல ஏசி ரொம்ப அடிக்கி. இருங்க.

எட்டு மாசமா? எனக்குத் தெரியாது. காலையில நான் வீட்டுல இருந்தாத்தான தெரியும். பின்வாசல் வழியா இறங்கி ரெண்டு தெரு சுத்திக்கிட்டு இருந்திருக்கேன். அதே நேரத்துல அவ முன்வாசல் வழியாக் குடத்தைத் தூக்கிக்கிட்டு நாலு வீடு நடந்திருக்கா. அவ அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் சொல்லல எங்கிட்ட. சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? டீக்கடையில, என் மகளைத்தான் அனுப்பி வச்சிருக்கேன்னு சொல்லியிருப்பேன். கண்டிப்பாச் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

நீங்க மிச்சத்தைப் படிங்க தம்பி. ரெண்டு வரிதான் இருக்கு.

'ஆயினும் அப்படிப்பட்ட பிள்ளை வளர்ந்த வீட்டைச் சேர்ந்தவர் உங்கள் நாட்டுக்குத் தீங்கு செய்யமாட்டார் என்று நம்புகிறேன். அவர் தம் மகளைப் பார்க்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.'

வீட்டைச் சேர்ந்தவர்னா எழுதியிருக்காங்க? வளர்த்தவர்னு எழுதல, பாருங்க. தமிழ் டீச்சர். ஒவ்வொரு வார்த்தையும் பாத்துத்தான் போடுவாங்க. சரியாத்தான் போட்டிருக்காங்க.

பேனாவைக் குடுங்க. நானே போடுதேன். கடலைமிட்டாய்க்கெல்லாம் நீங்க போட்டது போதும். ஆமாங்கிறது எந்தக் கட்டம், இதா? டிக் இல்லையா, பெருக்கல் குறிதான் போடணுமா? ஆமாம்னு சொல்லுததுக்குப் பெருக்கல் குறியா? நல்ல நாடு. இந்தா, போட்டாச்சு. கோடு கொஞ்சம் கட்டத்துக்கு வெளிய போயிட்டு, பரவாயில்லையா?

வண்டி ஓட்டுனது நான் இல்ல. ஆனா அந்த மாஜிஸ்திரேட் அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க, நான் ரெண்டு தடவையும் ஒப்புக்கொள்கிறேன்னு கத்தினேன். அது நான்தான். யாரும் எனக்குப் பதிலா நின்னு அதைச் சொல்லல. உள்ள ஆபீசர் கேட்டா இதைச் சொல்லணும்னு தோணுது. ஆனா ஒண்ணும் பேச வேண்டாம்னு ரெண்டு கோடு போட்டிருக்கா. பேசல. பைலைக் குடுத்துட்டு நிக்கேன்.

தம்பி, இங்க இறங்கி ஊருக்குப் போன் போட்டா அங்க அப்ப மணி என்ன இருக்கும்? காலையில பத்து, பத்தரையா? அப்ப டீச்சர் வீட்டுலதான் இருப்பாங்க. ரிட்டயர்டு ஆயாச்சு, எங்க போகப் போறாங்க. ஆனா நம்பர் எங்கிட்ட இல்ல. பதினாறு வருசமா நாலு வீடு தள்ளி இருக்காங்க, நம்பர் கிடையாது. செண்பகாகிட்டதான் இருக்கும். வெளிய வந்ததும் அவகிட்ட முதல்ல அதைத்தான் கேக்கணும். எட்டு வருசம் கழிச்சு அவளைப் பாத்ததும் வாயைத் திறந்து, "டீச்சர் நம்பர் குடும்மா"ன்னு கேக்கணும். கேட்டுருவேனா தம்பி?